கேம்பர் வண்டிக்கு எல்.இ.டி. லைட்: கூரையிலிருந்து தொடங்காதீர்கள்

பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் என்று கேம்பர் கட்டி முடித்த கையோடு பலரும் வாங்குவது 50 இன்ச் லைட் பார், அதாவது நீளப் பட்டை வடிவ எல்.இ.டி. லைட். விண்ட்ஷீல்டுக்கு மேலே அதை மாட்டினால் வண்டிக்குத் தனிக் கம்பீரம் வந்துவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் இருட்டில் ஓட்டிப் பார்த்தால், வெளிச்சத்தில் ஒரு பங்கு பானெட்டில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பி வரும். வெள்ளை பானெட் என்றால் இன்னும் மோசம். பக்கத்தில் பளிச்சென்று எது இருந்தாலும் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும். 100 மீட்டர் தள்ளிக் கிடக்கும் பள்ளம் கண்ணில் படாது. லைட் கூடியும் பார்வை குறைவது இப்படித்தான்.

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் பனி இறங்கும் நேரத்தில் கூரை லைட்டைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லைட்டும் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருப்பதால், பனித்துளியில் பட்டுத் தெறிக்கும் ஒளி நேராக நம்மிடமே வருகிறது. முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியிலும் இதே கதை. மஞ்சள் லைட் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று கடைகளில் சொல்வார்கள். பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும்; மஞ்சளில் கண் கூச்சம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். பனிக்கு வேண்டியது பம்பரின் கீழ்ப்பகுதியில், அகலமாகவும் தட்டையாகவும் விழும் ஒளி.

ஆகவே முதல் செலவு பம்பர் உயரத்தில் ஒரு ஜோடி டிரைவிங் லைட்டாக (ஹெட்லைட்டுக்குத் துணையான கூடுதல் லைட்) இருக்கட்டும். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை மட்டும் மறைக்காதீர்கள். கூரையில் வேண்டும் என்றே முடிவு செய்தால், பாரை விளிம்பிலிருந்து பின்னால் தள்ளி மாட்டுங்கள். எவ்வளவு தள்ளுவது? பானெட்டின் மேல் கன்னத்தை வைத்து மேலே பாருங்கள். லைட்டின் கண்ணாடி தெரிகிறதென்றால் ஒளியும் அங்கே விழும். கூரையின் விளிம்பு அதை மறைக்கும்வரை நகர்த்துங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்

300 வாட் என்று எழுதியிருக்கும் மலிவான பாரைப் பிரித்துப் பார்த்தால் 10 வாட் சிப் 30 இருக்கும். பெருக்கி எழுதிய கணக்கு அது. எஞ்சினை ஓடவிட்டு ஓடும் ஆம்பியரை அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டினால் உண்மை வெளிவரும்: 13.5 வோல்ட்டில் 8 ஆம்பியர் காட்டினால் அது 108 வாட். ஒயரையும் பியூஸையும் இந்த அளவை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்த ஒளியைச் சொல்லும் லூமன் எண்ணிலும் இதே ஏமாற்று உண்டு. நல்ல தயாரிப்பாளர்கள் 1 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவு) எத்தனை மீட்டர் வரை எட்டும் என்று தருவார்கள். 1 லக்ஸ் என்பது பௌர்ணமி நிலவொளியைப்போல் சில மடங்குதான், அதை நம்பி வேகமாக ஓட்ட முடியாது. அந்தத் தூரத்தில் பாதியில் வெளிச்சம் நான்கு மடங்கு. அந்தப் பாதியைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒயரிங்: பெரும்பாலான தொல்லை இங்கேதான்

எல்.இ.டி. என்றாலே குறைந்த மின்சாரம், மெல்லிய ஒயர் போதும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. 120 வாட் பார் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் அறையிலிருந்து கூரைக்கு 4 மீட்டர், திரும்பி வர 4 மீட்டர். 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5-ல் 0.6 வோல்ட்தான். பழைய ஹாலஜன் பல்ப் வோல்ட் குறைந்தால் மங்கும். எல்.இ.டி. பார்களில் பலவற்றின் உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்றோ, குறையும் வோல்ட்டை ஈடுகட்ட இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். வெளியே லைட் நன்றாகவே எரியும், உள்ளே ஒயர் சூடாகிக்கொண்டிருக்கும்.

15 ஆம்பியர் பியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். பியூஸைக் கூரைப் பக்கம் வைத்தால், பேட்டரிக்கும் அதற்கும் இடையில் ஒயர் தகட்டில் உரசி அறுந்தாலும் பியூஸ் போகாது; தீப்பிடிக்கும். தகட்டுத் துளை ஒவ்வொன்றிலும் ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) வேண்டும். ஸ்விட்சின் சிறு மின்சாரத்தால் லைட்டின் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ரிலேயில், பின் எண் 30-க்கு பியூஸ் வழி பேட்டரி, 87-க்கு லைட், 86-க்கு ஸ்விட்ச், 85-க்கு எர்த். ஐந்து பின் ரிலேயின் நடுவில் இருக்கும் 87ஏ-வில் தவறி மாட்டினால் ஸ்விட்சை அணைத்ததும் லைட் எரியும். காலையில் பேட்டரி காலி. ஃபைபர் கேம்பர் உடலில் எர்த் கிடைக்காது, நெகட்டிவ் ஒயரையும் தனியாக இழுத்தாக வேண்டும். பேட்டரி நெகட்டிவில் சென்சார் உள்ள புது வண்டிகளில் அதை முனையில் கட்டாமல் சேஸி எர்த் புள்ளியில் கட்டுங்கள்.

துளையும் தண்ணீரும்

கூரையைத் துளைத்தால் அறுத்த விளிம்புக்கு பிரைமர் அடிக்காமல் போல்ட் போடாதீர்கள். வினிகர் வாடை வரும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வெளியேறும் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் ஃபோம் உள்ள சாண்ட்விச் பேனலில் போல்ட்டை நேராக முறுக்கினால் ஃபோம் நசுங்கி, வழி கிடைத்த தண்ணீர் உள்ளே இறங்கும். துளைக்குள் ஒரு குழாய்த் துண்டு, உள்பக்கம் அகலமான அலுமினியத் தகடு, இரண்டும் அவசியம்.

தூசும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐ.பி. 67 குறியீடு போட்டிருந்தாலும், எரிந்து சூடான லைட்டோடு ஆற்றில் இறங்காதீர்கள். குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பத்து நிமிடம் முன்பே அணைத்து ஆறவிடுங்கள்.

கோணம் வைக்கும் நேரம்

லைட்டின் கோணத்தைக் காலி வண்டியில் சரிசெய்வது கேம்பர்காரர்களுக்கே உரிய தவறு. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. சாமான்களும் சேர்ந்து பின்பக்கம் தாழ்ந்தால் ஒளி மரக்கிளைகளைத் தேடிப் போகும். டேங்கை நிரப்பி, சாமான் ஏற்றி, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, ஒளியின் மையம் அதற்குச் சற்றுக் கீழே விழும்படி வையுங்கள்.

பொதுச் சாலையில் இந்த லைட்டுகளை எரியவிடவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். லைட்டுக்கு மூடி போடுவது எதிரே வருபவர் கண்ணுக்கு நல்லது, ஆனால் அனுமதிக்கு அது மாற்று அல்ல.

நட்டுகள் நைலாக் வகையாக (தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் உள்ளவை) இருக்கட்டும். முறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். முதல் கரடுமுரடுப் பயணம் முடிந்து வந்ததும், கோடு விலகியிருக்கும் நட்டுக்கு மட்டும் ஸ்பேனர் போட்டால் போதும்.