பதில் வந்தது காதுக்கும் தெரிய வேண்டும்: சாட் பெட்டியை எல்லோருக்குமானதாக அமைப்பது எப்படி

தளத்தின் வலது கீழ் மூலையில் மிதக்கும் சாட் பட்டனை மவுஸைத் தொடாமல் திறந்து பாருங்கள். டேப் கீயை அழுத்திக்கொண்டே போனால் பட்டன் வர வேண்டும், வந்ததும் அதைச் சுற்றிக் கோடு தெரிய வேண்டும், என்டரோ ஸ்பேஸோ தட்டினால் திறக்க வேண்டும். பல தளங்கள் இங்கேயே தோற்றுவிடுகின்றன. பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டில் ‘பட்டன்’ டேகுக்குப் பதிலாக வெறும் பெட்டியான ‘டிவ்’ போட்டு, அதில் கிளிக்கை மட்டும் மாட்டிவிடுவதுதான் காரணம். டிவ்வில் டேப் நிற்காது, பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரும் அதைப் பட்டன் என்று சொல்லாது. டேகை மாற்றுங்கள். பட்டனில் படம் மட்டும் இருந்தால், ஸ்கிரீன் ரீடருக்குப் பெயர் சொல்லும் ‘ஏரியா-லேபிள்’ பண்பு வழியாக “உதவி சாட், படிக்காத செய்தி 2” என்பதுபோல் பெயர் கொடுங்கள்.

திறந்ததும் ஃபோகஸ், அதாவது கீபோர்டு இப்போது நிற்கும் இடம், தட்டச்சுப் பெட்டிக்குப் போக வேண்டும். எஸ்கேப் அழுத்தி மூடினால் பழைய பட்டனுக்கே திரும்ப வேண்டும். இதை மறந்தால், கீபோர்டை மட்டும் நம்பியிருப்பவர் பக்கத்தின் உச்சியிலிருந்து மறுபடி டேப் அடித்து வர நேரிடும். யாரும் கேட்காமல் தானாகத் திறக்கும் பெட்டி வேண்டவே வேண்டாம். படிவத்தைப் பாதி நிரப்பியவரின் ஃபோகஸை அது பிடுங்கிவிடும்.

இனி, சாட்டின் உயிர்நாடி. பார்வையுள்ளவர் கண்ணில் புதிய பதில் தானாகப் படுகிறது. ஸ்கிரீன் ரீடரோ ஃபோகஸ் இருக்கும் இடத்தைத்தான் வாசிக்கும். கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கு, மேலே வந்து விழுந்த பதில் தெரியவே தெரியாது. அதனால் செய்திகள் சேரும் பகுதிக்கு, அது எந்த வகை என்று சொல்லும் ‘ரோல்’ பண்பில் ‘லாக்’ என்று கொடுங்கள். புதிதாக வருவதை, குறுக்கிடாமல் இடைவெளி பார்த்து வாசிக்கச் சொல்லும் ‘ஏரியா-லைவ் பொலைட்’ அதற்குள்ளேயே அடக்கம். பொலைட்டுக்குப் பதில் ‘அசர்டிவ்’ போடாதீர்கள், தட்டச்சு செய்பவரின் குறுக்கே பேசும். அந்தப் பகுதி காலியாகவாவது பக்கத்தில் முன்பே இருக்க வேண்டும். பகுதியையும் முதல் செய்தியையும் சேர்த்தே செருகினால் பெரும்பாலும் எதுவும் ஒலிக்காது. பிறகு வரும் மாற்றத்தைத்தான் ஸ்கிரீன் ரீடர் கவனிக்கிறது.

ஏஐ பாட் என்றால் இன்னொரு சிக்கல். பதில் சொல் சொல்லாக வரும்போது, ஒவ்வொரு முறையும் முழுச் செய்தியும் மாற்றி எழுதப்பட்டால், கேட்பவர் காதில் “உங்கள்… உங்கள் பில்… உங்கள் பில் தொகை…” என்று விழும். ஒரு நிமிடம் கேட்டால் தலை வலிக்கும். கண்ணுக்குத் தெரியும் பகுதியில் ஏரியா-லைவை ‘ஆஃப்’ செய்துவிட்டு, திரைக்கு வெளியே தள்ளிவைத்த தனி லைவ் பகுதியில் முடிந்த பதிலை மட்டும் போடுங்கள். அதை ‘டிஸ்ப்ளே நன்’ கொண்டு மறைத்தால் ஸ்கிரீன் ரீடருக்கும் மறைந்துவிடும். ஆடும் மூன்று புள்ளிகளை லைவ் பகுதியில் வைக்காமல் “பதில் தயாராகிறது” என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும்.

ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் “நீங்கள்”, “உதவியாளர்” என்று எழுத்தில் இருக்கட்டும். நிறத்தால் மட்டும் பிரித்தால், விண்டோஸின் அதிக கான்ட்ராஸ்ட் முறையில் பின்னணி நிறம் போய், யார் பேசியது என்பதே தெரியாது. தமிழில் வரும் செய்திக்கு ‘லாங்’ பண்பில் தமிழ் என்று குறியுங்கள். ஆங்கிலப் பக்கத்துக்குள் குறிப்பில்லாமல் வரும் தமிழை ஆங்கிலக் குரல் குதறிவிடும், அல்லது விழுங்கிவிடும்.

அளவுகளை, இணைய அணுகலுக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 சொல்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1, ஐகான்களுக்கு 3:1. பட்டன் 24×24 பிக்சலுக்குக் குறையக்கூடாது. கை நடுங்குபவருக்கு 44×44 நல்லது. 1280 பிக்சல் அகலத் திரையை 400% பெரிதாக்கிப் பாருங்கள். அப்போது சாட் பெட்டி மொத்தப் பக்கத்தையும் மூடிக்கொண்டு, மூடும் பட்டன் திரைக்கு வெளியே போய்விடுவது அடிக்கடி நடக்கிறது.

“பதில் இல்லாததால் உரையாடல் முடிந்தது” என்பது மெதுவாகத் தட்டச்சு செய்பவருக்கு இழைக்கும் அநியாயம். நேர வரம்பு கட்டாயம் வேண்டுமென்றால் முன்கூட்டியே எச்சரித்து, ஒரு கீ தட்டி நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுங்கள். அப்படிப் பத்து முறையாவது நீட்டிக்க முடிய வேண்டும். கடைசியில் “இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று முடிக்காதீர்கள். காது கேளாதவர் சாட்டுக்கு வந்ததே அழைக்க முடியாததால்தான்.

சோதனைக்குச் செலவில்லை. விண்டோஸுக்கான ஸ்கிரீன் ரீடர் என்விடிஏ இலவசம், ஆண்ட்ராய்டில் அதே வேலைக்கு டாக்பேக் உண்டு. மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்கி, பெட்டியை மூடுங்கள். பிறகு, தினமும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவரிடம் ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பழகியவர் கண்டுபிடிப்பது நமக்குப் பிடிபடாது. மேலிடம் தயங்கினால், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கூறியதை எடுத்துக்காட்டுங்கள்.

வெளி நிறுவனத்தின் சாட்டை வாங்குவதானால் இந்தச் சோதனையை ஒப்பந்தத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். அது ஐஃப்ரேமுக்குள், அதாவது உங்கள் பக்கத்தில் வேறொரு தளத்தைக் காட்டும் சட்டத்துக்குள், வந்து உட்கார்ந்த பிறகு, அதற்கு ஒரு தலைப்புக் கொடுப்பதைத் தவிர உள்ளே எதையும் உங்களால் திருத்த முடியாது.