எச்ஐவி பயிற்சி: எந்த வகுப்பில் சேரலாம்?

எச்ஐவி கிளினிக்கில் செவிலியராக இருப்பதால், "எங்கே படிக்கலாம்?" என்று பலரும் என்னிடம் கேட்பார்கள். சேரும் முன் பாடத்தைத் திறந்து பாருங்கள். சிடி4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) குறையும்வரை மருந்துக்குக் காத்திருக்கச் சொல்கிறதா? மூடிவிடுங்கள். தொற்று உறுதியான எல்லோருக்கும் சிகிச்சை தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே சொல்லிவிட்டது. தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மருந்து, தொற்று வாய்ப்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டிய பெப் மருந்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவில் பரவாது என்ற செய்தி, இதெல்லாம் இருந்தால் சரி.

அடிப்படைக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இணையப் பாடங்கள் நல்லவை, இலவசம். பால்வினைத் தொற்றுகளுக்கும் தனிப் பாடம் உண்டு.

ஆனால் நோயாளியிடம் பேசும் பழக்கம் திரையைப் பார்த்து வராது. நேரடிப் பயிற்சியில் ஒருவர் நோயாளியாக உட்காருவார், நீங்கள் கேட்கவேண்டும்: "கடைசியாக உறவு கொண்டது எப்போது? ஆணுடனா, பெண்ணுடனா, இருவருடனுமா? ஆணுறை போட்டீர்களா?" மருந்துப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கூட இரண்டாவது கேள்வியில் ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்துவிடுவார். குரல் இயல்பாக வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வைக்கும் வகுப்புக்குத்தான் காசு கொடுக்கலாம். எச்ஐவியோடு வாழும் ஒருவரே பாடம் எடுத்தால் யோசிக்காமல் சேருங்கள்.

அப்புறம், சான்றிதழ் உங்கள் பதிவுக் கவுன்சிலில் செல்லுமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.