ஸ்ட்ரோக் வந்தவரை ரோபோ நடைப்பயிற்சிக்குக் கூட்டிப் போகும் முன்

ரோபோ என்பது இங்கே காலில் மாட்டி நடக்க உதவும் மோட்டார் கருவி. அதன் பெயரை அப்புறம் பார்க்கலாம், உங்கள் ஆள் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். யாராவது பிடித்துக்கொண்டால் நிற்கிறார், ஆனால் காலை எடுத்து வைக்க முடியவில்லை என்றால், எக்ஸோ (Ekso) என்ற கருவி மாதிரி இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார் வைத்த கெட்டியான சட்டக வகையைக் கேளுங்கள். தட்டுத்தடுமாறி நடக்கிறார், பாதம் மட்டும் தொங்கி விரல் தரையில் உரசுகிறது, அதைச் சமாளிக்கக் காலை வட்டமாகச் சுழற்றி வைக்கிறார் என்றால் சட்டகம் இல்லாமல் துணிப் பட்டைகளால் மாட்டும் வகை போதும். 2019-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த ரீஸ்டோர் (ReStore) அந்த ரகம். இடுப்புப் பட்டையில் மோட்டார் இருக்கும், அங்கிருந்து வரும் கம்பி வடங்கள் பின்பக்கம் இழுத்துக் குதிகாலை உயர்த்தி, பாதம் தரையை உந்த உதவும், முன்பக்கம் இழுத்துப் பாதத்தைத் தூக்கும். மொத்த எடை சுமார் 5 கிலோ. இரண்டுமே பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்தால்தான், வீட்டில் தனியாக மாட்டிக்கொள்ள அல்ல.

நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு 62 ஆய்வுகளை, 2,440 பேரைச் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான பிசியோதெரபியோடு இயந்திரப் பயிற்சியும் சேரும்போது துணையில்லாமல் நடக்கும் வாய்ப்பு கூடியது. அதிகப் பலன் பெறக்கூடியவர்கள் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களும், இன்னும் நடக்கவே முடியாதவர்களும்தான். பிசியோவை நிறுத்திவிட்டு இதற்கு மட்டும் பணம் கட்டினால் அது சரியான கணக்கில்லை.

மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை: கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆடுசதையில் புது வீக்கமோ வலியோ (ரத்தக்கட்டாக இருக்கலாம், அப்படியானால் பயிற்சி உடனே நிற்க வேண்டும்), எலும்பு மெலிந்து பலவீனமாவது (ஆஸ்டியோபோரோசிஸ்), மடக்க முடியாமல் இறுகிப்போன கணுக்கால். உயரம், எடையையும் சொல்லுங்கள். எக்ஸோவுக்கு 100 கிலோதான் வரம்பு.

போகிற அன்று வேட்டி, புடவை வேண்டாம். மெல்லிய பருத்தி பேன்ட், சுருக்கம் விழாத சாக்ஸ், கட்டி இறுக்கக்கூடிய ஷூ. சர்க்கரை இருந்தால் பாதத்தை அடியிலும் விரலிடுக்கிலும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அவருக்குப் புண் இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

பயிற்சியில் அவர் முயற்சிதான் முக்கியம். சும்மா நின்று இயந்திரம் இழுத்துப் போகட்டும் என்று விட்டால் மூளை கற்றுக்கொள்வது குறைவு. அதனால் ஒவ்வொரு முறையும் "இன்னைக்கு எவ்வளவு உதவி வெச்சீங்க, போன தடவையைவிடக் கொறைச்சீங்களா?" என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். தலைசுற்றல், நெஞ்சு வலி, பேச்சு திடீரென்று குழறினால் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

கழற்றியதும் பட்டை பட்ட இடங்களைப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு மறையவில்லை என்றால் அடுத்த முறை பட்டையின் இறுக்கத்தை மாற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை, கருவி இல்லாமல், தரையில் 10 மீட்டர் கோடு போட்டு பிடிக்க ஓர் ஆள் கூடவே வர நடக்கவிட்டு, போனில் நேரம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். கருவியோடு எத்தனை அடி நடந்தார் என்பதைவிட இந்த எண்தான் எனக்குப் பெரிது, ஏனென்றால் ராத்திரி பாத்ரூமுக்கு அவர் அதை மாட்டிக்கொண்டு போகப்போவதில்லை. சில வாரங்களுக்கு அந்த எண் அசையவே இல்லை என்றால் நோட்டைக் கொண்டுபோய் தெரபிஸ்ட் முன்னால் வைத்து, திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள்.