முழங்கால் ஆழ ஆற்றில் சிறு படகு

நகரத்துக்குள் ஓடும் ஆற்றில் முழுத் தூரமும் உட்கார்ந்தபடி போக முடியாது. சில இடங்களில் இறங்கிப் படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். தடுப்பணை வந்தால் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். ஆகவே படகு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எடை. 15 கிலோவுக்குள் இருந்தால் ஒருவரே தோளில் வைத்துப் படியேறலாம். 25 கிலோவைத் தாண்டினால் துணைக்கு ஆள் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அடுத்தது அமிழ்வு: ஆளும் சாமானும் ஏறிய பிறகு படகின் அடி எவ்வளவு நீருக்குள் இறங்குகிறது என்பது. தட்டையான அடியுள்ள காற்றடைத்த கயாக்கும் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான படகு), ஒருவர் மட்டும் ஏறிய கனூவும் (ஒருமுனைத் துடுப்பால் ஓட்டும் திறந்த நீளப் படகு) சுமார் 10 சென்டிமீட்டர் இறங்கும். ஆள் இறங்கிவிட்டால் அதுவே மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். பரிசலும் அதிகம் அமிழாது. ஆனால் கை பழகும்வரை நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மோட்டார் வேண்டாம். விசிறி சுழல அரை மீட்டர் ஆழமாவது தேவை. அந்த ஆழம் கிடைத்தாலும் பாலிதீன் பையோ தூண்டில் நரம்போ சுற்றி நிறுத்திவிடும்.

காற்றடைத்த படகு என்றால் தனித்தனியான மூன்று காற்றறைகளாவது இருக்கட்டும்; ஒன்று கிழிந்தாலும் மற்ற இரண்டும் கரை சேர்க்கும். படகு நேராக ஓட அடியில் மாட்டும் நீளத் தகட்டை (ஃபின்) கழற்றிவிட்டு ஐந்து சென்டிமீட்டர் குட்டையானதை மாட்டுங்கள். வெயிலில் காற்றடித்த படகைத் தண்ணீரில் இறக்கியதும் காற்று குளிர்ந்து படகு தொய்யும். பத்து நிமிடம் கழித்து இன்னும் கொஞ்சம் அடிக்க வேண்டும். திரும்பிக் கரையேற்றி வெயிலில் போட்டால் நேர்மாறாக நடக்கும்: காற்று விரிந்து தையல் பிரியும். கரைக்கு வந்ததும் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள்.

முதலில் கரையோரம் நடந்து பாருங்கள்

செயற்கைக்கோள் படத்தில் ஆற்றைக் குறுக்கே வெட்டும் நேரான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் தடுப்பணை. கோடைகாலப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். மணல்திட்டுகள் எங்கே என்று தெரிந்துவிடும். ஆனால் படத்தை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. போகப்போகும் பகுதியிலுள்ள ஒவ்வொரு பாலத்தின் மேலும் நின்று, நீர் வரும் பக்கம், போகும் பக்கம் இரண்டையும் பாருங்கள். எங்கே இறங்கலாம், எங்கே ஏறலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபுறமும் செங்குத்தான கான்கிரீட் சுவர் இருந்து, படியே இல்லாமல் அரை கிலோமீட்டர் நீண்டால் முதல் பயணத்துக்கு அந்தப் பகுதி வேண்டாம். படகில் உட்கார்ந்தால் தலை நீர்மட்டத்திலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். குறுக்கே போகும் குழாய்க்கும் நீருக்கும் இடையே 1.2 மீட்டராவது இடைவெளி இல்லையென்றால் அங்கேயும் கரைவழிதான். படகு விட அனுமதி தேவைப்படும் இடமா என்பதையும் இந்தச் சுற்றிலேயே விசாரித்துவிடுங்கள்.

நீர்மட்டத்துக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோல் வரைந்த தூண் இருந்தால் நல்லது, இல்லையென்றால் படித்துறையின் ஏதாவது ஒரு படி போதும். ஒவ்வொரு முறையும் நீர் எந்தப் படியில் நின்றது, எங்கெங்கே தரை தட்டியது என்று எழுதி வைத்தால், நாலைந்து முறைக்குப் பிறகு படியைப் பார்த்த மாத்திரத்தில் போகலாமா வேண்டாமா என்று சொல்லிவிடலாம்.

மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் ஆற்றுப் பக்கம் போகாதீர்கள். நகரத்தில் மண் குறைவு. தாரும் சிமெண்டும் நீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் வடிகால் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றில் வந்து சேரும், கூடவே நிரம்பி வழிந்த சாக்கடையும் வரும். உங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தாலும் மேலே எங்கேயாவது கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, நட்டாற்றில் சருகும் தெர்மாகோலும் நுரையும் வரிசையாக மிதந்து வருவது, பத்து நிமிடம் முன் தெரிந்த கல் மறைந்துபோவது: இதில் ஒன்றைக் கண்டாலும் அருகிலுள்ள கரையில் ஏறிவிடுங்கள்.

ஓட்டும்போது

கையோடு வேண்டியவை: உடம்போடு கட்டிய மிதவை அங்கி, விசில், நுனி மழுங்கிய கத்தி, தடித்த அடியுள்ள மூடிய காலணி, முன்னும் பின்னும் கட்ட ஐந்து மீட்டர் மிதக்கும் கயிறு இரண்டு. செருப்பு சேற்றில் உருவிக்கொள்ளும். பிறகு மிதிப்பது கண்ணாடிச் சில்லு. போன் நீர்புகாத உறையில் உங்கள் உடம்பில் இருக்கட்டும், படகில் வேண்டாம். படகு தனியாகப் போய்விட்டால் போனும் அதோடு போய்விடும்.

கிளம்பியதும் பத்து நிமிடம் எதிர்நீச்சலாக மேல்நோக்கித் துடுப்பு போடுங்கள். முடியவில்லை என்றால் அன்றைக்கு நீர் வேகம் அதிகம், திரும்பிவிடலாம். முடிந்தால் மேல்நோக்கிப் போய்விட்டுக் கீழ்நோக்கித் திரும்புவது புத்திசாலித்தனம். களைத்த நேரத்தில் ஆறே இழுத்துக்கொண்டு வரும். இழுப்பதும் தூக்குவதும் சேர்ந்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போவதே அதிகம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆழம் எங்கே என்று நீரின் மேற்பரப்பே சொல்லும். வளைவில் வெளிக்கரையோரம் ஆழம், உட்கரையோரம் மணல். ஒரே சீராகப் பொடிப்பொடியாகச் சலசலக்கும் இடம் கணுக்கால் ஆழம்தான். அதன் நடுவே வழவழப்பான நாக்கு மாதிரி ஒன்று நீண்டால் அதுதான் வழி. அந்த நாக்கின் கூர்முனை நீர் போகும் திசையைக் காட்டும். முனை உங்களைப் பார்த்து, அதாவது மேல்நோக்கி இருந்தால் அந்த முனைக்கு அடியில் கல்லோ கம்பியோ இருக்கிறது. துடுப்பின் நுனியிலிருந்து 10, 20, 30 சென்டிமீட்டரில் வண்ண டேப் சுற்றி அவ்வப்போது குத்திப் பாருங்கள். 20 இருந்தால் துடுப்பைப் படுக்கவைத்து ஓட்டலாம். 10-க்குக் கீழே வந்தால் தரை தட்டுமுன் நீங்களே இறங்கிவிடுவது நல்லது. ஆழம் குறைந்த நீரில் வேகமாகத் துடுப்பு போட்டால் படகின் பின்பக்கம் இன்னும் அமிழும். மெதுவாக, உடம்பை முன்சாய்த்துப் போனால் தட்டாமல் கடக்கும்.

தரை தட்டிவிட்டால் துடுப்பை நெம்புகோலாக்காதீர்கள், அதன் தட்டையான அலகு உடையும். முன்பக்கம் சிக்கியிருந்தால் உடம்பைப் பின்னே நகர்த்தி, வந்த வழியே பின்வாங்குங்கள். அடியில் மணல் என்றால் இறங்கித் தள்ளலாம். சேறு என்றால் இறங்கவே கூடாது. முழங்கால்வரை இறங்கிய காலைச் சேறு விடாது. அங்கே நீளமான கழியை ஊன்றித் தள்ளுவதுதான் உதவும். ஊன்றிய கழி சேற்றில் மாட்டிக்கொண்டால் ஒரு முறை திருகி இழுங்கள், வராவிட்டால் உடனே கையை விட்டுவிடுங்கள். விடாமல் பிடித்துத் தொங்கினால் கழி நிற்கும், படகு நகரும், நடுவில் நீங்கள் விழுவீர்கள்.

ஓட்டமுள்ள இடத்தில் இழுத்து நடக்கும்போது படகுக்குக் கீழ்ப்புறம் நிற்கக் கூடாது. நீர் நிரம்பிய படகு நூற்றுக்கணக்கான கிலோ கனத்தோடு வந்து உங்களைக் கல்லோடு அழுத்தும். கீழ்நோக்கிப் போகையில் பின்கயிறு, மேல்நோக்கிப் போகையில் முன்கயிறு. எப்போதும் நீங்கள் மேல்புறம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாதம் கல்லிடுக்கில் மாட்டினால் ஓட்டம் உடம்பைக் கவிழ்த்து நீருக்குள் அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து ஆழம் குறைந்த இடத்துக்கு வாருங்கள். படகு குறுக்காகத் திரும்பித் தூணிலோ கல்லிலோ மோதினால் அந்தத் தூண் பக்கமே சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அந்த விளிம்பு தாழ்ந்து நீர் உள்ளே புகும்.

தடுப்பணையும் பாலமும்

படகில் வருபவர் கண்ணுக்குத் தடுப்பணை தெரியாது. ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும், அதற்கப்பால் மரங்களின் மேல்பாதி மட்டும் தெரியும். வெறும் அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர்கூட அடியில் புரண்டு, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி ஓடும். அதில் சிக்கிய ஆளையும் படகையும் திரும்பத் திரும்பச் சுவரடிக்கே இழுத்துப் போகும். அந்த நீரில் காற்றுக்குமிழி நிறைந்திருப்பதால் மிதவை அங்கியும் சரியாகத் தூக்காது. எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் படகோடு இறங்கிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கீழிருந்து அருகில் போய் வேடிக்கை பார்க்கவும் கூடாது. கோடு தெரிந்ததும், 50 மீட்டருக்குக் குறையாத தூரத்திலேயே கரை ஒதுங்கித் தூக்கிச் செல்லுங்கள். மறுபடி இறக்குவதும் நுரை அடங்கிய இடத்துக்கு அப்பால்தான்.

பாலத்தடியில் கட்டுமான மிச்சம் கிடக்கும்: உடைந்த கான்கிரீட், நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்குக்கம்பி. அகலமான கண் வழியாக நடுவில் போங்கள். தூணில் கிளையும் துணியும் சேர்ந்து அடைந்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நீர் ஊடே போய்விடும், உங்களை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆறு சுரங்கத்துக்குள் மூடி ஓடினால் அதுதான் பயணத்தின் எல்லை. கழிவுநீர் தேங்கிய மூடிய இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு சேரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும்.

கடலை ஒட்டிய பகுதியில் நீர் ஏறவும் வற்றவும் தலா ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏறும் நீரில் புறப்படுங்கள். தட்டினாலும் சற்று நேரத்தில் நீரே கிளப்பிவிடும். வற்றும் நீரில் தட்டினால் மணிக்கணக்கில் சேற்றின் நடுவே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஏறிய நீரில் பாலத்தின் இடைவெளி குறைந்துபோகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அழுக்கு

உடம்பில் கீறலோ புண்ணோ இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் போடுங்கள். பெரிய புண் என்றால் அன்றைக்குப் போக வேண்டாம். கழிவுநீர்க் குழாய் கொட்டும் இடத்தை எதிர்க்கரையோரமாக, துடுப்பு தெறிக்காமல் கடக்கவும். குடிநீர் பாட்டிலின் வாய் ஆற்றுநீர் படாதபடி பையில் மூடியிருக்கட்டும். சாப்பிடுமுன் சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கை கழுவுங்கள். அழுக்குக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும்கூடத் தலைகாட்டும். அதற்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றுநீரில் இறங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் படகைக் குழாய்நீரில் கழுவி, மடிப்புகளில் ஒட்டிய ஆகாயத்தாமரைத் துணுக்கையும் நத்தையையும் எடுத்துவிட்டு, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். ஒரு துணுக்கு போதும், அடுத்த ஆற்றில் அது படர்ந்துவிடும். கிழிசல் இருந்தால் ஆல்கஹாலால் துடைத்து, கிழிசலைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் அதிகமாக வெட்டிய ஒட்டுத் துண்டை வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் கனமான பொருளை மேலே வைத்துவிடுங்கள்.