சுக்கான் மண்ணில் இட்லிப்பூச் செடி வெளுத்தால்

கோயமுத்தூர், பல்லடம் பக்கம் சுக்கான் மண்ணும் (சுண்ணாம்பு மிகுந்த மண்) போர் தண்ணீரும் சேர்ந்தால் இட்லிப்பூச் செடியின் கொழுந்து இலை வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச்சத்துக் குறை. யூரியாவால் தீராது. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்கு விடாது. அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) அப்படியே வேரில் கொட்டினாலும் இதே கதிதான்.

எனக்குப் பலித்தது இலைமேல் தெளிப்பு. 1 லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், அப்புறம் 5 கிராம் அன்னபேதி. கலந்த கையோடு, வெயில் தாழ்ந்தபின் அடிக்கவும். வைத்திருந்தால் துருநிறமாகி வீணாகும். 10 நாள் இடைவெளியில் 3 முறை. புதுத்துளிரின் நிறம்தான் கணக்கு.

புதிதாக நடுவோர், ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுக்கான் மண்; இட்லிப்பூவைத் தொட்டியில் வைத்து, தரையில் காகிதப்பூவோ செவ்வரளியோ நடலாம். ஆடு மாடு இருக்கும் வீட்டில் அரளி வேண்டவே வேண்டாம், செடி முழுக்க விஷம்.