மெமரியில் இருப்பதை ஃபைலுக்குக் கொண்டுபோவது எப்படி? சீரியலைசேஷன் முதல் பாடம்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர் குறித்து வைக்கும் சின்ன புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், டிசைன், எத்தனை சதுர அடி, அட்வான்ஸ், டெலிவரி தேதி. எல்லாம் நன்றாக ஓடும். ஆனால் புரோகிராமை மூடியதும் அத்தனை ஆர்டரும் போய்விடும். ஆப்ஜெக்ட்கள் இருந்தது மெமரியில் மட்டும்தானே. அவற்றை ஃபைலில் எழுதத் தோதான வடிவத்துக்கு மாற்றுவது சீரியலைசேஷன். எழுதியதைத் திரும்ப ஆப்ஜெக்டாக எழுப்புவது டீசீரியலைசேஷன்.

சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கும் செட்டிநாட்டு வீடு, செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் கட்டியது. லாரியில் போவது தூணும் நிலையும் கதவும். எது எங்கே நிற்க வேண்டும் என்ற விவரம் கட்டுகிறவர்களிடம் இருக்க வேண்டும். இங்கும் அப்படித்தான்: ஃபைலுக்குள் போவது மதிப்புகள், கிளாஸ் போகாது. ஆரம்பத்தில் வரும் குழப்பங்களில் பாதி இதை மறப்பதால் வருவது.

முதல் படி: கிளாஸ்

பைத்தானில் 'ஆர்டர்' என்று ஒரு டேட்டாகிளாஸ், அதாவது விவரங்களை வைத்துக்கொள்வதற்கான கிளாஸ், எழுதுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், தயங்க வேண்டாம். மேலே சொன்ன ஐந்து விவரங்களும் அதன் ஃபீல்டுகள். பாக்கித் தொகையைக் கணக்கிட ஒரு மெத்தட் வைத்தால் அது கிளாஸிலேயே இருக்கும், ஃபைலுக்குப் போகாது.

இரண்டாம் படி: ஜேசனாக எழுதுவது

ஜேசன் என்பது விவரங்களைப் பெயரும் மதிப்புமாக எழுதி வைக்கும் ஒரு எழுத்து வடிவம். ஆப்ஜெக்டை டேட்டாகிளாஸஸ் மாட்யூலின் 'ஆஸ்டிக்ட்' ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் டிக்ஷனரி கிடைக்கும். அதை ஜேசன் மாட்யூலின் 'டம்ப்' வழியாக ஃபைலில் எழுதுங்கள். ஃபைல் இப்படி இருக்க வேண்டும்:

{
  "பெயர்": "கானாடுகாத்தான் வீடு",
  "டிசைன்": "தாமரை",
  "சதுர_அடி": 400,
  "அட்வான்ஸ்": 10000,
  "டெலிவரி": "2025-06-20"
}

ஆனால் முதல் தடவை இப்படி வராது. பைத்தான் தன் இயல்பில் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பின்சாய்கோடும் யூனிகோடு எண்ணுமாக மாற்றி எழுதும். படிக்கும்போது சரியாகத் திரும்பிவிடும், ஆனால் ஃபைலைத் திறந்து பார்க்கும் மனிதருக்கு ஒன்றும் புரியாது. டம்ப்பில் 'என்ஷூர்_ஆஸ்கி' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். வரி வரியாக வர 'இன்டென்ட்' என்பதற்கு 2 கொடுங்கள். கூடவே, ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கட்டாயம் கொடுங்கள். விண்டோஸில் இதை விட்டால் தமிழை எழுத முடியாமல் புரோகிராம் நின்றுவிடக்கூடும்.

அப்புறம், தேதி. வார்த்த கல் தண்ணீரில் ஊறி, காய்ந்து வர நாளாகும், அதனால் டெலிவரி தேதி இல்லாமல் ஆர்டரே இல்லை. ஜேசனிலோ தேதி என்று ஒரு வகையே கிடையாது. தேதி ஆப்ஜெக்டை அப்படியே கொடுத்தால் டைப்எரர் வரும். எழுதும் முன் டிக்ஷனரியில் உள்ள தேதியை 'ஐசோஃபார்மட்' கொண்டு எழுத்துத்தொடராக்குங்கள். மேலே கடைசி வரியில் இருப்பது அதுதான்.

மூன்றாம் படி: திரும்ப எழுப்புவது

ஜேசனின் 'லோட்' தருவது டிக்ஷனரி, ஆர்டர் அல்ல. அதை 'விவரம்' என்று வைத்துக்கொண்டு, டெலிவரியை 'ஃப்ரம்ஐசோஃபார்மட்' மூலம் தேதியாக்கிவிட்டு இப்படி எழுதுங்கள்:

புது_ஆர்டர் = ஆர்டர்(**விவரம்)

ஆறு மாதம் கழித்து 'பார்டர்' என்று ஒரு ஃபீல்டு சேர்க்கிறீர்கள். பழைய ஃபைல்களில் அது இருக்காது, இந்த வரி பிழை காட்டும். புதிதாகச் சேர்க்கும் எந்த ஃபீல்டுக்கும் கிளாஸிலேயே ஒரு இயல்பு மதிப்பு கொடுத்துவிடுங்கள், பழைய ஆர்டர்களும் சிக்கலில்லாமல் திறக்கும்.

பிக்கிள் வேண்டாமா?

பைத்தானோடு வரும் பிக்கிள் என்ற மாட்யூல் ஆப்ஜெக்டைத் தேதியோடு சேர்த்து ஒரே வரியில் சேமித்துவிடும். ஃபைலை பைனரி முறையில் திறந்தால் போதும். ஆனால் அதைப் படிக்க பைத்தான்தான் வேண்டும். கிளாஸின் பெயரையோ மாட்யூலின் பெயரையோ மாற்றினால் பழைய ஃபைல் திறக்காது. அதைவிட முக்கியம், பிக்கிள் ஃபைலைப் படிக்கும்போதே அதற்குள் ஒளித்து வைத்த கட்டளை ஓடிவிடலாம். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய பிக்கிள் ஃபைலைத் தயவுசெய்து திறக்காதீர்கள்.

மற்ற மொழிகளில்

ஜாவாவில் கிளாஸ் 'சீரியலைசபிள்' இன்டர்ஃபேஸை ஏற்றால் போதும், அதில் எழுத வேண்டிய மெத்தட் ஒன்றுமில்லை. 'ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீம்' எழுதும், 'ஆப்ஜெக்ட்இன்புட்ஸ்ட்ரீம்' படிக்கும். சேமிக்கக் கூடாத ஃபீல்டுக்கு முன் 'டிரான்சியன்ட்' போடுங்கள். 'சீரியல்வெர்ஷன்யுஐடி' என்ற எண்ணை நீங்களே எழுதி வைக்காவிட்டால் ஜாவா கிளாஸைப் பார்த்துத் தானே ஒன்றைக் கணக்கிடும். ஒரு ஃபீல்டு கூடினாலும் அது மாறி, பழைய ஃபைல் 'இன்வாலிட்கிளாஸ்எக்செப்ஷன்' என்று நின்றுவிடும்.

ஜாவாஸ்கிரிப்டில் 'ஸ்டிரிங்கிஃபை', 'பார்ஸ்' இரண்டும் போதும். அங்கே தேதி தானாக எழுத்துத்தொடராகிவிடும், ஆனால் தானாகத் தேதியாகத் திரும்பாது. சி ஷார்ப்பில் பழைய பாடங்கள் சொல்லும் 'பைனரிஃபார்மேட்டர்' பாதுகாப்புக் காரணமாக 2024-இல் வந்த டாட்நெட் 9-இல் நீக்கப்பட்டுவிட்டது. அங்கேயும் ஜேசனுக்கே போங்கள்.

கடைசிப் படி: சோதனை

ஒரு ஆர்டரைச் சேமித்து, திரும்பப் படித்து, பழையதையும் புதியதையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுங்கள். டேட்டாகிளாஸ் ஒவ்வொரு ஃபீல்டாகப் பார்த்து ட்ரூ சொல்லும். 'இஸ்' போட்டால் ஃபால்ஸ் வரும், கவலை வேண்டாம், மெமரியில் இது வேறு ஆப்ஜெக்ட். சமக்குறிக்கே ஃபால்ஸ் வந்தால் முதலில் டெலிவரி ஃபீல்டைப் பாருங்கள்: தேதியாக்க மறந்து எழுத்துத்தொடராகவே விட்டிருக்கலாம்.