உங்கள் மின்சார காரின் 0–100: நீங்களே அளக்க ஒரு வழி

கோயம்புத்தூரில் பம்பு கம்பெனிகளுக்கு பிரஷர் கேஜும் ஃப்ளோ மீட்டரும் கேலிப்ரேஷன், அதாவது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் திருத்துவது, செய்து தருவது என் பிழைப்பு. அதனால் யாராவது "என் வண்டி எட்டு செகண்ட்ல நூறைத் தொட்டுடும்" என்று சொன்னால், "எதை வெச்சு அளந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். நான் ஓட்டுவது டாடாவின் மின்சார கார் (ஈவி), நெக்ஸான் ஈவி. 2020-இல் அந்தக் கார் வந்தபோது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட (இதுதான் 0–100) டாடா சொன்னது 9.9 நொடி, 2023-இல் வந்த லாங் ரேஞ்ச் மாடலுக்கு 8.9. மஹிந்திரா பிஇ 6-க்கு 6.7, பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸுக்கு 3.8. காரில் எத்தனை பேர் இருந்தார்கள், பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தது என்பதெல்லாம் விளம்பரத்தில் இருக்காது. நம் டயரிலும் நம் ஊர் வெயிலிலும் என்ன வருகிறது என்று தெரிய வேண்டுமானால் நாமே அளந்துவிட வேண்டியதுதான்.

முதலில் இடம். அவிநாசி ரோட்டில் காலை ஐந்து மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். பொது இடத்தில் அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேகச் சோதனை செய்வது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், ஒரு நாய் குறுக்கே வந்தால் என்ன செய்வீர்கள்? எங்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக். பொது ஓட்டுநர்களை விடும் நாள் பார்த்துப் பணம் கட்டிப் போகலாம். ஒன்பது நொடி காருக்கு நூறைத் தொடவே கிட்டத்தட்ட 140 மீட்டர் ஓடும். நிறுத்தவும் தப்பிக்கவும் சேர்த்து 400 மீட்டராவது நேராக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அவ்வளவு இடம் கிடைக்காதவர்கள் 0–60 எடுங்கள். டியாகோ ஈவிக்கு டாடாவே 0–60 கணக்கைத்தான் சொல்கிறது: 5.7 நொடி. சுற்றுச்சுவர் உள்ள, ஆள் நடமாட்டம் இல்லாத தனியார் இடத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, அதைச் செய்யலாம்.

அடுத்தது கருவி. பக்கத்து சீட்டில் மச்சினனை உட்காரவைத்து, கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து, ஸ்பீடோமீட்டரைப் பார்க்கச் சொல்வது பொழுதுபோக்குக்குச் சரி. "மாமா, எட்டரைங்க!" என்று அவன் கத்துவதும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஸ்பீடோமீட்டரே கூட்டித்தான் காட்டும். ஐநா விதி 39-இன்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது; பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம். எந்தக் கம்பெனியும் கொஞ்சம் கூட்டி வைத்துத்தான் அனுப்பும். திரையில் 100 தெரியும்போது கார் நிஜமாக 95-இல் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்பது நொடி ரகக் கார் வேகத்தில் அந்தக் கடைசி 5 கிலோமீட்டரைக் கூட்ட முக்கால் நொடி எடுக்கும். அந்த முக்கால் நொடி உங்களுக்கு இலவசமாக வந்துவிடும்.

செல்போன் ஜிபிஎஸ்ஸும் போதாது. பெரும்பாலும் நொடிக்கு ஒரு தடவைதான் அது வேகத்தைச் சொல்லும். எப்போது கிளம்பினோம் என்பதே ஒரு நொடி முன்பின்னாகிவிடும். காரின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் டாங்கிள் என்ற சின்னக் கருவி, வேகத்தை முழு எண்ணாக மட்டும் தரும். அதுவும் சில ஈவிகளில் வேலையே செய்யாது. தேவைப்படுவது நொடிக்கு 10 அல்லது 25 தடவை படிக்கும் தனி ஜிபிஎஸ் பெட்டி. டிராகி, ரேஸ்பாக்ஸ் என்ற பெயர்களில் கிடைக்கும். பத்திரிகைக்காரர்கள் வைத்திருப்பது விபாக்ஸ், அது நம் பட்ஜெட் இல்லை. இந்தப் பெட்டிகள் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை வகுத்து வேகம் சொல்வதில்லை. செயற்கைக்கோள் அலையின் டாப்ளர் மாற்றத்திலிருந்து (நகர்வதால் அலையின் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) வேகத்தை நேராகவே எடுக்கின்றன, அதனால்தான் நம்பலாம். டேஷ்போர்டில், கண்ணாடிக்குப் பக்கத்தில், வானம் தெரிகிற மாதிரி இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டுங்கள். ஆன் செய்தவுடனே கிளம்பாமல், போதுமான செயற்கைக்கோள்களைப் பிடிக்கும்வரை பொறுங்கள்.

இனி எல்லோரும் சறுக்கும் இடம்: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? அமெரிக்க டிராக் ரேஸ் வழக்கப்படி, முன்சக்கரம் தொடக்கக் கோட்டில் உள்ள ஒளிக்கற்றையைத் தாண்டி ஏறக்குறைய ஓர் அடி நகர்ந்த பிறகுதான் நேரம் எண்ணப்படும். ரோல்அவுட் என்பார்கள். ஓர் அடிதானே என்று நினைக்காதீர்கள், நின்ற நிலையிலிருந்து நகரும் முதல் அடிதான் மெதுவான அடி. கால் நொடிக்கு மேலேயே அதில் போய்விடும், அதற்குள் கார் 5 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டியிருக்கும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் புகழ்பெற்ற 1.99 நொடி இப்படி ஓர் அடியைக் கழித்துச் சொன்னதுதான். அது போதாதென்று, அவர்கள் அளப்பது மணிக்கு 60 மைல் வரைதான், நம் கணக்கில் 96.6 கிலோமீட்டர். ஆகவே அதையும் நம் 0–100-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள். ஜிபிஎஸ் பெட்டிக்கான செல்போன் ஆப்பின் செட்டிங்கில் ரோல்அவுட் என்று ஒரு பொத்தான் இருக்கும், அணைத்துவிடுங்கள். வைத்திருந்தால் முடிவோடு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிளப்பும் முறைக்கு வருவோம். டர்போ டீசல் பழக்கத்தில் இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள்; பல ஈவிகள் இரண்டு பெடலும் சேர்ந்து அழுந்தினால் மோட்டார் பவரை வெட்டிவிடும். லாஞ்ச் கண்ட்ரோல் (நின்ற நிலையிலிருந்து வேகமாகக் கிளம்ப உதவும் வசதி) உள்ள கார் என்றால் கதை வேறு, மேனுவலில் சொன்னபடி செய்யுங்கள். மற்றவர்கள் ஆட்டோ ஹோல்டு (பிரேக்கிலிருந்து கால் எடுத்தாலும் காரை நிறுத்தி வைக்கும் வசதி) இருந்தால் அதைப் போட்டு நிற்க வேண்டும். அது இல்லையென்றால் பிரேக்கிலிருந்து கால் எடுத்த கணமே கார் தவழ ஆரம்பித்து, பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது. ஸ்போர்ட் மோடு, ஏசி ஆஃப், கண்ணாடி மேலே. பெடலை ஒரே மிதி, தரை வரை. ஈரத்தரையில் வேண்டாம், சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஓட்டம் முடிந்ததும் ஆப் காட்டும் பெரிய எண்ணோடு நிறுத்தாமல் வேகம் வரிவரியாகப் பதிவான லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். 10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 தடவை படிக்கும்) பெட்டியில் 0.1 நொடிக்கு ஒரு வரி இருக்கும். உதாரணமாக 9.2-ஆவது நொடியில் 99.7, 9.3-இல் 100.4 என்று இருந்தால், நூறைத் தொட்டது இரண்டுக்கும் நடுவில். 0.1 நொடியில் கூடியது 0.7, நமக்கு வேண்டியது 0.3. ஆக 9.24. இதற்கு மேல் மூன்றாம் தசமம் சொல்கிறவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். தொடக்க வரிகளையும் பாருங்கள்: 0, 0, 0.4, 1.8 என்று சீராக ஏற வேண்டும். அரை நொடிக்கு 1, 1.2 என்று தயங்கி நின்றிருந்தால் கார் தவழ்ந்திருக்கிறது, அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள்.

சரிவு ரொம்பப் பொல்லாதது, கண்ணுக்கே தெரியாது. ஒரு சதவீதச் சரிவு என்றால் 140 மீட்டரில் 1.4 மீட்டர் இறக்கம். நின்று பார்த்தால் சமதரை என்று சத்தியம் செய்வீர்கள். ஆனால் ஒன்பது நொடி காருக்கு அது ஏறக்குறைய 0.3 நொடியைக் கொடுக்கும், எதிர்ப்பக்கம் ஓடினால் பிடுங்கும். காற்றும் இப்படித்தான். அதனால் போகவும் வரவும் இரண்டு திசையிலும் எடுத்து, சராசரி போடுங்கள். ரேஸ் டிராக்கில் எதிர்த்திசையில் ஓட விடமாட்டார்கள். அங்கே பெட்டி காட்டும் உயர வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வது ஒன்றே வழி.

ஈவிக்கு மட்டும் உரிய சமாச்சாரம் பேட்டரி. பெட்ரோல் காரில் டேங்க் காலியாகக் காலியாக எடை குறையும்; இதில் எடை அப்படியே இருக்கும், சக்திதான் குறையும். சார்ஜ் இறங்கினால் வோல்டேஜும் இறங்கும், மோட்டாருக்குக் கிடைக்கும் கிலோவாட்டும் இறங்கும். பேட்டரி குளிர்ந்திருந்தாலும் அப்படியே. அளவுக்கு மீறிச் சூடானாலும் கார் தானே பவரைக் குறைத்துக்கொள்ளும். அடுத்தடுத்து விரட்டாமல் நடுவில் ஆறவிடுங்கள். சார்ஜ் 80 சதவீதத்தில் ஒரு தொகுதி, 30-இல் ஒரு தொகுதி என்று எடுத்துப் பார்த்தால் உங்கள் காரின் குணம் தெரியும். அப்புறம் ஆள் எடை. ஒன்றரை டன் காரில் இரண்டு பேரை ஏற்றினால் எடை பத்தில் ஒரு பங்கு கூடும், நேரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் நீளும். மச்சினனை இறக்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சார்ஜ் சதவீதம், வெளி வெப்பம், டயர் காற்று, ஆட்கள், ரோல்அவுட் உண்டா இல்லையா, இவற்றை எழுதுங்கள். அதே லாக்கில் 40-ஐக் கடந்த வரியையும் 80-ஐக் கடந்த வரியையும் கழித்தால் 40–80 நேரமும் கிடைத்துவிடும். தனியாக ஓட வேண்டியதில்லை. பல்லடம் ரோட்டில் லாரியைத் தாண்டப் பயன்படுவது அந்த எண்தான் என்பதால் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கிளம்பும்போது கால் வைத்த விதம், தவழல், ரோல்அவுட் என்ற எந்தத் தகராறும் அதில் கிடையாது.